பி கார்டு எங்கே வருகிறது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நீயே சொல்லிக் கேட்க ஆசை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக்கோடு முடிந்துவிடுகிறது. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. அதனால்தான் பேப்பர். கூரியரில் போடுகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒரு விஷயம். பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன கிதாரை பீரோ மேலிருந்து இறக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வெயில் காலத்தில் அப்படியே கிடந்தால் கழுத்து வளைந்துவிடும் என்று தம்பி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னான். கம்பியைத் தளர்த்தி வைக்கலாம் என்றுதான் உறையைத் திறந்தேன். திறந்தவன் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டாவது படிக்கும்போது பரீட்சை நேரத்தில்கூட விடாமல் போட்டுத் தேய்ப்பாயே, ரமோன்ஸ் என்கிற அமெரிக்க பங்க் ராக் கோஷ்டியின் பாட்டு, அந்த பிளிட்ஸ்கிரீக் பாப், அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். சிரித்து நாளாகியிருக்கும்.

"லக்கேஜ் ஜாஸ்திப்பா, அடுத்த தடவை எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் 29சி பஸ்ஸில் ஆபீஸ் கூட்டத்துக்கு நடுவில் அதே கிதாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர் கிளாஸுக்குப் போனவள் நீ. கண்டக்டர் திட்டினாலும் இறங்கமாட்டாய். நம் தெருவில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த முதல் பெண் என்று, உன்னிடம் சொன்னதில்லையே தவிர, ரயில் பெட்டி செய்கிற நம் ஐ.சி.எஃப்.பில் ஷெல் டிவிஷன் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். பெங்களூர் ரயிலில் கிதாருக்கு யாரும் டிக்கெட் கேட்கப்போவதில்லை. சரி, அது உன் இஷ்டம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டுக்கு வருகிறேன். இதில் இருப்பது மூன்றே கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அடியில் எழுப்புகிற சத்தம்), ஏ, டி, ஈ என்று நீ அன்றைக்குச் சொன்னபோது, இதற்கா இத்தனை சத்தம் என்று கேட்டேன். இப்போது விரல் நுனி காய்ப்பு ஏறிய பிறகு அப்படிக் கேட்கமாட்டேன். தடிமனான கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் ஆள்காட்டி விரல், அடுத்த கம்பியில் ஏழாவது கட்டத்தில் மோதிர விரல். ஏ வந்தாயிற்று. அதே பிடியை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கினால் டி. அங்கிருந்து இரண்டு கட்டம் தள்ளினால் ஈ. கை வடிவம் மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. அந்தக் கோஷ்டியின் கிதார்காரர் ஜானி ரமோன் ஆறு கம்பியையும் அழுத்தி முழு பாரே கார்டாகவே பிடிப்பார் என்கிறார்கள். என் ஆள்காட்டி விரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு கம்பியோடு நிறுத்திக்கொண்டு, மீதிக் கம்பிகள் பேசாதபடி விரல் சதையால் லேசாகத் தொட்டுக்கொள்கிறேன். இது சரிதானா, எழுது.

இடது கை ஓரளவு வந்துவிட்டது. வலது கைதான் வேதனை. கீழ் அடி, கீழ் அடி, கீழ் அடி மட்டுமே. மேல் நோக்கி அடித்தால் அது கள்ள ஆட்டம் என்று தம்பியை அதட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா? பாட்டு மொத்தம் இரண்டு நிமிஷம் பன்னிரண்டு வினாடிதான், ஆனால் நிமிஷத்துக்கு 175 தாளம் பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு தாளத்துக்கும் இரண்டு அடி. நான் தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் ஆப்பில் 80-இல் ஆரம்பித்து, இப்போது 110-இல் நிற்கிறேன். அதற்கு மேல் போனால் தோள் இறுகிக்கொள்கிறது. தோளை இறுக்கினால் வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல, இத்தனை வருஷம் சுத்தியல் பிடித்தவன். மணிக்கட்டு மட்டும் ஆடவேண்டும், முழங்கை சும்மா இருக்கவேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொள். கம்ப்யூட்டர் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் தோள் இறுகத்தான் செய்யும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

அந்த ஜானி கிதாருக்கு வருவதற்கு முன்னால் கட்டட வேலை பார்த்தவராம். அதைப் படித்ததும் எனக்கு மனுஷனைப் பிடித்துப்போயிற்று. 1974-இல் ஐம்பது டாலர் சொச்சத்துக்கு ஒரு பழைய மாஸ்ரைட் கிதார் வாங்கியிருக்கிறார். நியூயார்க் குவீன்ஸ் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஆனாலும் நாலு பேரும் பெயருக்குப் பின்னால் ரமோன் என்று ஒட்டிக்கொண்டார்கள். 1976-இல் வந்த முதல் ரெக்கார்டைப் பதிவு செய்ய ஒரு வாரம், 6,400 டாலர், அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்தபிறகு மேடை ஏறலாம் என்று காத்திருக்கவில்லை. நம் வியாசர்பாடியில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவர்கள் மட்டும் யாரிடம் போய் அரங்கேற்றத்துக்கு அனுமதி கேட்டார்கள்? டோலக் இல்லாவிட்டால் மேசையைத் தட்டிப் பாடுவார்கள். நீ பங்க் பங்க் என்று சொன்னபோது ஏதோ வெள்ளைக்காரன் கோமாளித்தனம் என்று நினைத்தேன். இது நம் பக்கத்துச் சரக்குதான்.

இன்னொன்றும் படித்தேன். பாடகர் ஜோயி காதலித்த பெண் பின்னால் ஜானியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத மாதிரிதான். ஆனாலும் ஒரே வேனில் ஊர் ஊராகப் போனார்கள், ஒரே மேடையில் நின்றார்கள். 1996 ஆகஸ்டில் கடைசிக் கச்சேரி வரைக்கும் மொத்தம் 2,263 கச்சேரி. எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை. பாட்டைப் பற்றித் தேடும்போது கண்ணில் பட்டது.

தீபாவளிக்கு உங்கள் டிரம்ஸ் பையனுக்கு என்று அம்மா அதிரசம் போட்டுக் கொடுத்தாளே எவர்சில்வர் டப்பா, அது என்னவாயிற்று என்று கேட்டு எழுதச் சொன்னாள். கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டப்பா போனால் போகட்டும். நம் வீட்டில் டப்பாவுக்குப் பஞ்சமில்லை.

பாட்டின் ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து கத்துகிற இடத்தில் கிதார் நின்றுவிடுகிறது, முதலில் டிரம்ஸ் மட்டும்தான் கேட்கிறது. அந்த இடத்தில் தனியாக நான் என்ன செய்வது? தம்பி பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுகிறான். தாளம் ஒரு சீராக வரவில்லை, ஃபுட்பால் ஆடுகிற பையன், காலில் இருப்பது கையில் இல்லை. ஆனாலும் பாட்டு ஓடுகிறது. தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று கத்துகிறார்கள். டிரம்ஸ்காரன் இல்லையென்றால் பாட்டையே மூட்டை கட்டிவிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தம்பிக்குத்தான் சொன்னேன்.

மற்ற செய்திகள். மெட்ரோ வேலையில் பெரம்பூர் பாதி தோண்டிக் கிடக்கிறது, பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் போவதையே விட்டுவிட்டேன். மாடி வீட்டு டீச்சரம்மா சத்தம் பற்றி அம்மாவிடம் முறையிட்டார், இப்போது ஏழு மணிக்குமேல் வாசிப்பதில்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. நீ ஒரு போன் செய்திருக்கலாம். எனக்கு வேண்டாம், அத்தைக்காவது செய்திருக்கலாம். சின்ன வயதில் உனக்குப் பாவாடை தைத்துத் தைத்துப் போட்டவள். அது இருக்கட்டும்.

ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். இரண்டு கம்பியில் பிடிக்கிற பவர் கார்டில் என்ன இருக்கிறது என்று ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். கார்த்திகை மாசம் ஐயப்பன் பஜனையில் வாசித்த கைதானே, காது ஏமாறாது. சட்ஜமும் பஞ்சமமும்தான் இருக்கிறது. காந்தாரம் இல்லை. இது சந்தோஷமான கார்டா சோகமான கார்டா என்று காட்டிக்கொடுக்கும் ஸ்வரமே நடுவில் இருக்கிற அதுதான். அதை எடுத்துவிட்டு அடிக்கிறார்கள். சத்தம் பலமாக வருகிறது, உள்ளே என்ன என்று தெரிவதில்லை. நீ போனில் "நல்லாருக்கேன்பா, நல்லாருக்கேன்பா" என்று சொல்வதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. உன் அம்மா அதை நம்பிவிடுகிறாள். நம்புகிற மாதிரி காட்டிக்கொள்கிறாளோ என்னவோ.

சாப்பாட்டை விடாதே. ஆபீஸ் கேன்டீனில் கிடைப்பதைக் கொறித்துவிட்டு அறைக்கு வந்து படுத்துவிடாதே. மீன் கிடைக்காவிட்டால் முட்டையாவது வாங்கி வை. ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது போனை எடு. சம்பளம், பதவி உயர்வு, அதெல்லாம் சொல்லாவிட்டால் பரவாயில்லை. நீ எது சொன்னாலும் இந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லப்போவதில்லை. அம்மா கொஞ்சம் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

என் சந்தேகம் பி கார்டைப் பற்றியது. பாட்டின் நடுப்பகுதியில் மட்டும் பி வருகிறது, தடிமன் கம்பியில் ஏழாவது கட்டம். அங்கே போவதற்குள் எனக்குத் தாளம் தப்பிவிடுகிறது. யூடியூப்பில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். நீ மொட்டைமாடியில் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாய், கை தானாகப் போகும். பி எந்த இடத்தில் தொடங்குகிறது, அங்கிருந்து எதற்குத் திரும்புவது என்று வார்த்தையில் எழுதினால் எனக்குப் புரியாது. வீடியோவில் வாசித்துக் காட்டு. இதற்கு அவசரம் உண்டு. மூத்த மாமா பேரனுக்கு அடுத்த மாசம் காது குத்து, அங்கே வாசித்துக் காட்டுவதாகத் தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான்.

வாசிக்க அங்கே உன்னிடம் கிதார் இல்லை என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். அம்மா கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், எப்படியும் ஒரு நடை வரவேண்டியதுதான். சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிடுவேன், உன் ரூமில் தங்கித் தொந்தரவு செய்யமாட்டேன். மெல்லிய ஈ கம்பி அறுந்துபோயிற்று. மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் கடையில் புதுசு வாங்கிவரவேண்டும். பத்து சைஸா பன்னிரண்டு சைஸா, அதை மட்டும் சனிக்கிழமைக்குள் ஒரு வரி அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா