மார்கரீட்டாவுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்காகவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மாஸ்கோவில் வந்திறங்கும் சாத்தான் வோலண்ட், வோட்கா குடிக்கும் பூனை, நாடக அரங்கின் கூரையிலிருந்து கொட்டும் ரூபிள் நோட்டுகள், ஸ்டாலின் காலத்துத் தணிக்கை எல்லாம் இருந்தன. மாஸ்டர் என்ற நாவலாசிரியரின் காதலி மார்கரீட்டாவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. தலைப்பிலேயே அவள் பெயர் இருக்கும்போது இது நியாயமா?

நாவலின் பகடி அபாரமானது, மறுக்கவில்லை. ஆள் மறைந்துபோக, வெறும் கோட்டும் சூட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போடும். திரும்பி வரும் அதிகாரியோ அந்த உத்தரவுகளை அப்படியே ஏற்றுக்கொள்வார். சோவியத் ஆட்சி போன பிறகும் இதைப் படித்துச் சிரிக்க முடிகிறது. ஆனால் நம்மை மறுபடி மறுபடி இந்த நாவலுக்கு இழுப்பது அது மட்டுமல்ல என்பது என் எண்ணம்.

ஃப்ரீடாவைப் பாருங்கள். சாத்தானின் விருந்துக்கு வரும் பாவிகளில் ஒருத்தி. காபிக் கடையில் வேலை செய்தவள். முதலாளி அவளைச் சரக்கறைக்குக் கூப்பிட்டான். பிறந்த குழந்தைக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. கைக்குட்டையை அதன் வாயில் திணித்துக் கொன்று காட்டில் புதைத்தாள். முப்பது ஆண்டுகளாகத் தினமும் அதே நீலக்கரைக் கைக்குட்டை அவள் மேசைக்கு வந்துவிடுகிறது. இதைக் கேட்டதும் மார்கரீட்டா கேட்கும் முதல் கேள்வி: "அந்த முதலாளி எங்கே?" விருந்து முடிந்து, என்ன வேண்டும் என்று வோலண்ட் கேட்கும்போது, காதலன் மாஸ்டரை மீட்கத்தான் தன் ஆன்மாவையே பணயம் வைத்து அங்கே வந்தவள், ஃப்ரீடாவுக்கு இனி அந்தக் கைக்குட்டையைக் கொடுக்காதீர்கள் என்கிறாள். இன்னொரு வரம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. உலக இலக்கியத்தில் இதற்கு இணையான இடங்கள் மிகச் சிலவே.

"கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை" என்ற, நாவலின் புகழ்பெற்ற வசனத்தோடு கட்டுரை முடிந்திருந்தது. எரியத்தான் செய்தன. 1928இல் தொடங்கிய முதல் வடிவத்தை 1930இல் புல்காகவே தீயில் போட்டார். நாவலிலும் மாஸ்டர் தான் எழுதிய நாவலின் பிரதியை அடுப்பில் எறிகிறார். வெறுங்கையால் அதை வெளியே இழுப்பவள் மார்கரீட்டா. மாஸ்டரின் ஒரு புகைப்படம், காய்ந்த ரோஜா இதழ்கள், அவர் பெயரில் இருக்கும் வங்கிப் புத்தகம், இவற்றோடு அடிப்பக்கம் கருகிய தாள்களையும் ஒளித்து வைத்துக் காக்கிறாள்.

நிஜத்தில் அந்த வேலையைச் செய்தவர் புல்காகவின் மனைவி எலேனா செர்கேயெவ்னா. தந்தையைக் கொண்டுபோன அதே சிறுநீரக நோய் புல்காகவுக்கும் வந்தது. அவரே மருத்துவர், முடிவு என்ன என்று அவருக்குத் தெரியும். பார்வை மங்கிய கடைசி மாதங்களில் அவர் திருத்தங்களைச் சொல்லச் சொல்ல எலேனா எழுதினார். 1940 மார்ச்சில், 48 வயதில் புல்காகவ் இறந்தார். அதன் பிறகு அந்தப் பிரதியை 26 ஆண்டுகள் எலேனா பத்திரமாக வைத்திருந்தார். 1966 நவம்பரில்தான் 'மாஸ்க்வா' இதழ் வெளியிடத் தொடங்கியது, அதுவும் நிறைய வெட்டுகளோடு. வெட்டிய பகுதிகளை வாசகர்கள் தட்டச்சு செய்து கைமாற்றிப் படித்தார்கள். முழு நாவல் சோவியத் நாட்டில் புத்தகமானது 1973இல். எலேனா 1970இலேயே காலமாகிவிட்டார்.

அடுத்த முறை புல்காகவைப் பற்றி எழுதினால் எலேனாவுக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். அப்புறம், கட்டுரையைப் பார்த்து நாவலைக் கையில் எடுக்கும் புதிய வாசகர்களுக்கு ஒன்று: மார்கரீட்டாவின் பகுதி 19ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருநெல்வேலி