ஒரே அறை, இரண்டு வாடகை

ஆசிரியருக்கு,

மேடை நகைச்சுவை பற்றிய உங்கள் கட்டுரையில் ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதிய 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' விடுபட்டுவிட்டது. 1847-ல் லண்டன் லைசியம் அரங்கில் முதலில் நடிக்கப்பட்ட ஓரங்க நாடகம் இது. பிரெஞ்சு கேலி நாடகங்களிலிருந்து எடுத்த கதைதான், ஆனாலும் ஆங்கில மேடையில் சக்கைப்போடு போட்டது.

அச்சகத்தில் இரவு வேலை செய்யும் பாக்ஸுக்கும், தொப்பிக் கடையில் பகல் வேலை பார்க்கும் காக்ஸுக்கும் ஒரே அறையை விட்டு இரண்டு வாடகை வாங்குகிறாள் பௌன்ஸர் அம்மாள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது, நிலக்கரியும் சர்க்கரையும் மட்டும் மர்மமாகக் குறைந்துகொண்டே போகும், அதைப் பூனை தலையில் கட்டினால் நம்பமாட்டேன் என்று காக்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஒருநாள் காக்ஸுக்கு விடுமுறை கிடைக்க, குட்டு உடைந்து, ஒருவர் சமையல் மற்றவர் கையால் ஜன்னல் வழியே பறக்கிறது.

அப்புறம், இருவருக்குமே மணம் பேசப்பட்டிருந்த பெனிலோபி ஆன் என்ற பெண். அவள் சொத்து வருகிறது என்றால் இருவரும் உரிமை கொண்டாடுவார்கள், அவளே வருகிறாள் என்றால் இருவரும் கழன்றுகொள்வார்கள்! கடைசியில் காக்ஸிடம் இடது கையில் மச்சம் உண்டா என்று பாக்ஸ் கேட்டு, இல்லை என்றதும் 'அப்படியானால் நீதான் தொலைந்துபோன என் சகோதரன்' என்று கட்டிக்கொள்ளும் இடம், அன்றைய அழுகை நாடகங்களுக்குக் கொடுத்த சரியான குட்டு.

ஆர்தர் சல்லிவன் பின்னர் இதற்கு இசையமைத்தார் என்பதையும் சேர்த்து, அடுத்த பகுதியில் நாலு வரியாவது எழுதுங்கள்.

– ஒரு வாசகர்