அந்த ஜாடிகளை மெஷினில் கொட்டிவிடாதே

அன்புள்ள ராஜு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. சின்னவள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. மாமி தனியாகக் கிடந்து அல்லாடாமல் உன்னோடு வந்து இருக்கச் சம்மதித்தது பெரிய நிம்மதி. அதற்கு உன்னைவிட உன் பெண்டாட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே! மாமாவின் சில்லறை ஜாடிகளை அள்ளிக்கொண்டு போய்க் காசு எண்ணுகிற மெஷினில் கொட்டப்போகிறாயாம். பென்னி என்கிற ஒரு சென்ட் காசை அடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம், இனி எதற்கு அந்தப் பாரம் என்கிறாய். கொட்டாதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன், நான் வருகிறவரை அதில் கை வைக்காதே. ஃபோனில் சொன்னால் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு நீ நினைத்ததையே செய்வாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா மோட்டல் கவுண்டரில் இருந்த காலத்தை நினைத்துப் பார். எழுபதுகளின் கடைசியிலிருந்து, கல்லாவில் மிஞ்சிய சில்லறையை ராத்திரி ராத்திரி ஜாடியில் போட்டு மூடியவர் அவர். போட்டது போட்டபடி இருக்கிறது, வேறு யாரும் கிளறவில்லை. அரிய காசு தேடி நான் வங்கியில் வாங்குகிற ரோல்கள், அதாவது எண்ணிக் காகிதத்தில் சுற்றிய காசுக்கட்டுகள், அப்படியில்லை. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் பிரித்துப் பார்த்து, நல்லதைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கட்டினவை. பென்னிப் பெட்டி ஒன்றுக்கு 25 டாலர்தான், ஆனால் உள்ளே 50 ரோல், 2,500 காசு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் சில பெட்டிகளில் ஒன்றுமே தேறாது. அரை டாலர் ரோல்களும் இப்போது அப்படித்தான். 1964 வரை அடித்ததில் 90 சதவீதம் வெள்ளி, 1965 முதல் 1970 வரை 40 சதவீதம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனதால் நல்ல பெட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலும் வங்கிக்காரர்கள் வரவர முகம் கொடுப்பதில்லை. போன மாதம் ஓர் இடத்தில் அந்தப் பெண் "ரோல் வாங்கி மறுநாளே கொண்டுவந்து கட்டுகிறீர்கள், எங்களுக்கு இது வேலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதிலிருந்து ஓர் இடத்தில் வாங்கி, வேறொரு வங்கியில் கொண்டுபோய்க் கட்டுகிறேன்.

யாரோ வீட்டில் கையால் சுற்றிய ரோல் எப்போதாவது கிடைக்கும்போதுதான் உண்மையில் மனசு துள்ளுகிறது. ஏனென்றால் அது ஒரு வீட்டு ஜாடியிலிருந்து நேரே வந்தது. உன் கார் கராஜில் அப்படிப்பட்ட ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன, நீ மெஷினைத் தேடுகிறாய்!

முதலில் டைம் என்கிற பத்து சென்ட் காசு ஜாடியை எடு. ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம். கைப்பிடி எடுத்து அடுக்கி, விளிம்பை மட்டும் பார். இப்போதைய டைமின் விளிம்பில் செம்பு நிறக் கோடு தெரியும். கோடு இல்லாமல் முழுக்க வெள்ளையாக ஒன்று நின்றால் அது பெரும்பாலும் 1964 வரை அடித்த வெள்ளி. அதற்குப் பிறகு 1982 டைம்களைத் தனியாக எடுத்து வை. அந்தக் காலத்தில், எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் ஊர்க்குறி எழுத்தை ஒவ்வோர் அச்சிலும் கையால்தான் அடித்துப் பதிப்பார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அச்சுக்கு P அடிக்காமல் விட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு மேலே எழுத்தே இல்லாமல் வெறுமையாக இருக்கிற 1982 டைம் அப்படித்தான் பிறந்தது. மாமா மோட்டல் நடத்திய வருஷங்களுக்கு அது நடுவில் வருகிறது, பார்த்துக்கொள்.

நிக்கல் என்கிற ஐந்து சென்ட் காசில் மான்டிசெல்லோ மாளிகைக் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்தாக P, D, S எது நின்றாலும் எடுத்து வை. 1942 பிற்பகுதி முதல் 1945 வரை, போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தது அது. குவார்ட்டரில், அதாவது 25 சென்ட் காசில், 2004-ன் விஸ்கான்சின் டிசைனைப் பார். D குறி இருந்தால் சோளக்கதிரின் இடது பக்கம் கூடுதலாக ஓர் இலை முளைத்திருக்கிறதா என்று கவனி. W குறி உள்ள குவார்ட்டர்கள் மாமா ஜாடியில் இருக்க வாய்ப்பு குறைவு, அவை 2019-லும் 2020-லும் வந்தவை. ஒவ்வொரு டிசைனிலும் 20 லட்சம் மட்டும் வெஸ்ட் பாயின்ட்டில் அடித்து, வேண்டுமென்றே சாதாரணச் சில்லறையோடு கலந்து விட்டார்கள். போன வாரம் பெட்ரோல் போட்டுவிட்டு வாங்கிய சில்லறையில் எனக்கு ஒன்று கிடைத்தது. 2020-ன் W, பக்கத்தில் பொடியாக, இரண்டாம் உலகப்போர் முடிந்து 75 வருஷம் ஆனதைக் குறிக்கும் V75 முத்திரை. காரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

இப்போது பென்னிக்கு வருகிறேன். நீ தூக்கிப்போடத் துடிக்கிறதும் இதைத்தானே.

2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசி பென்னியை அடித்துவிட்டார்கள். 1793-ல் தொடங்கிய வரிசை. ஒரு சென்ட் காசை அடிக்க 3.69 சென்ட் செலவாகிறது என்று நாணயச்சாலையே கணக்குக் காட்டிய பிறகு யார் என்ன சொல்ல முடியும்? நிறுத்தியதில் எனக்குச் சண்டை இல்லை. என் கவலை வேறு. இதுவரை இருப்பவை செல்லும் காசுதான், ஆனால் புதிது வரவில்லை என்றதும் கடைக்காரர்கள் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டி கேட்டால் இல்லை என்கிறார்கள். ஜனங்கள் உன்னைப் போலவே வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இத்தனை வருஷம் யாரும் பார்க்காத ஜாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கின்றன, திறந்த வேகத்தில் மெஷின் வாயில் போகின்றன. இன்னும் சில வருஷத்தில் தேடுவதற்கு ரோலே இருக்காது. இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வயிறு கலங்குகிறது, ராஜு.

அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். 1982-ல் பென்னியின் உலோகத்தை மாற்றினார்கள். அதற்கு முன் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். பிறகு துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சு, 2.5 கிராம். மேஜை மேல் போட்டாலே தெரியும். செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் மொட்டென்று விழும். 1982-ல் இரண்டு உலோகமும் உண்டு, வருஷத்தை எழுதியதிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை. பெரியது தடிப்பாக விளிம்பை ஒட்டி நிற்கும், சின்னது மெலிந்து விலகி நிற்கும். D குறி, சின்ன எழுத்து, செம்பு மூன்றும் சேர்ந்து ஒரு காசு இருக்கவே முடியாது என்று 30 வருஷத்துக்கு மேல் எல்லாரும் நம்பினார்கள். 2016-ல் ஒன்று வெளியே வந்தது. ஆகவே 1982 D எல்லாவற்றையும் தராசில் வைக்காமல் விடாதே. சமையலறைத் தராசு ஆகாது, 0.1 கிராம் காட்டுகிற தராசு வேண்டும், நான் கொண்டுவருகிறேன்.

1992 பென்னிகளில் பின்பக்கம் AMERICA என்ற சொல்லைப் பார். A-வின் காலும் M-ன் காலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே ஒரு கவரில் போட்டு எனக்கு ஃபோன் செய், நடு ராத்திரியானாலும் பரவாயில்லை. அடுத்த வருஷம் முதல் எல்லாக் காசிலும் வந்த டிசைன் அது, 1992-லேயே கொஞ்சம் நழுவி விழுந்துவிட்டது. சாதாரண 1992-ல் அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்கும்.

இரட்டை அச்சுக் காசுகள் இன்னொரு உலகம். அப்போதெல்லாம் அச்சுக்கட்டையில் உருவத்தை ஒரே அழுத்தில் இறக்க மாட்டார்கள். ஒரு தடவை அழுத்தி, சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் தடவை மயிரிழை தப்பினால் எழுத்து இரண்டாக விழும், அந்த அச்சில் அடிக்கிற எல்லாக் காசிலும் அது வரும். 1972-லும் 1995-லும் LIBERTY, IN GOD என்ற எழுத்துகளிலும், 1983-ல் பின்பக்க எழுத்துகளிலும், 1984-ல் காசிலுள்ள லிங்கன் உருவத்தின் காதிலும் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, ஏமாறாதே. அடிக்கிறபோது மெஷின் அதிர்ந்தாலும் எழுத்து இரண்டாகத் தெரியும், அதற்கு மதிப்பில்லை. அந்த நிழல் தட்டையாக, எழுத்தைச் சீவி இழுத்தாற்போல் இருக்கும், எழுத்தும் மெலிந்துபோகும். நிஜ இரட்டை அச்சில் இரண்டு எழுத்தும் உருண்டு மேடாக நிற்கும், முனைகள் பிளந்து தெரியும், எழுத்து முன்னைவிடத் தடித்திருக்கும். லென்ஸில் ஒரு தடவை காட்டினால் போதும், பிறகு உன் கண்ணே பிடித்துக்கொள்ளும்.

கட்டையனிடம் இதெல்லாம் சொல்லாதே. செம்பை உருக்கி விற்கலாம் என்று அவன் கிளம்பிவிடுவான். பென்னி, நிக்கல் இரண்டையும் உருக்குவதற்கு 2006 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில். உன் பெரியவனிடமும் சொல்லி வை, அழுக்காக இருக்கிறதென்று வினிகரில் ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மரியாதை கிடையாது.

இன்னொரு விஷயம், இது விளையாட்டில்லை. மாமா சில ரோல்களைக் காகிதத்தில் தானே சுற்றி, மேலே பென்சிலில் வருஷம் எழுதி வைத்திருந்தார். எண் மட்டும், ரொம்பச் சின்னதாக, வங்கிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போல. ஒரு தடவை எனக்குக் காட்டினார். அந்தக் காகிதங்களைக் கிழித்தெறியாதே. ஒரு ரோலை எந்த வருஷம் மூடினார்கள் என்று தெரிவது எங்களுக்குப் பெரிய துப்பு. அதைவிட, அவர் கையெழுத்து வீட்டில் வேறெங்கே மிச்சம் இருக்கிறது? மாமியிடம் கேட்டுப் பார். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதுகூட "அந்த ஜாடி எல்லாம் பார்த்தாயாடா?" என்றுதான் என்னைக் கேட்டார். பார்க்கிறேன் மாமா என்றேன். பார்க்காமல் விட எனக்கு மனசு வராது.

மார்ச் கடைசியில் லீவு போட்டிருக்கிறேன். அதுவரை செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த ஜாடி எந்த அறையிலிருந்து வந்தது என்று ஒட்டுத்தாள் ஒட்டு. ஒன்றோடொன்று கலக்காதே. ஈரமில்லாத இடத்தில் வை. கீழே பெரிய மேஜை ஒன்றும் நல்ல வெளிச்சமும் வேண்டும், சாப்பாட்டு மேஜை போதும், உன் பெண்டாட்டியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடு. எது கிடைத்தாலும் அது மாமியுடையது, அதில் உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை. ஒன்றும் தேறாத மிச்சத்தை நானே சுமந்துகொண்டுபோய்க் கட்டித் தருகிறேன்.

மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளைக் கேட்டதாகச் சொல். பதில் போடு, இரண்டு வரி போதும்.

அன்புடன்,
உன் கண்ணன்