முதலில் பாருங்கள், பிறகு கம்பி மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தளர்ந்த முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, உயரமான கழிப்பறை இருக்கை என்று ஒரு பட்டியலோடு முடிந்துவிட்டது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபி என்றாலே சாமான் வாங்கச் சொல்வது என்ற எண்ணம் ஏற்கெனவே பரவலாக உண்டு. உண்மையில் அந்த வேலை தொடங்குவது, அந்தப் பெரியவர் தன் வீட்டில், தன் நாற்காலியிலிருந்து எழுவதைக் கை கொடுக்காமல் பார்ப்பதில்தான்.

எழுவதற்கு முதலில் இருக்கையின் நுனிக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பு முன்னே சாய வேண்டும். அதன்பிறகுதான் நாற்காலியின் கைகளை அழுத்தி எழுவது. பலருக்குத் தடுமாற்றம் வருவது மூன்றாவது கட்டத்தில். முன்னே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பின்னுக்குச் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள். பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டார் 'காலில் பலம் போய்விட்டது' என்று முடிவுகட்டி, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். தோள்மூட்டுக்கு அது ஆகாது. நேர் மேலே இழுப்பதால் முன்னே சாயும் பழக்கமும் விட்டுப்போகிறது.

நாற்காலியின் உயரமும் பார்க்க வேண்டியது. பாதம் தரையில் பதிந்திருக்கும்போது முழங்காலின் பின்மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, இருக்கை அதற்குக் கீழே போகக் கூடாது. தொடை வலு குறைந்தவருக்கு அதற்கு மேல் 5 செ.மீ. கூட்டினால் எழுவது கண்கூடாக எளிதாகும். அதற்காக மெத்தென்ற தலையணை போடுவது வீண், உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். செங்கல்லை அடுக்கினால் ஒரு கால் நழுவும். குழி உள்ள கட்டைகளை நான்கு கால்களுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். பாதம் அந்தரத்தில் தொங்குமளவு உயர்த்தினாலும் ஆபத்துதான், ஆள் முன்னே வழுக்குவார். வாக்கரைப் பிடித்து இழுத்து எழவே கூடாது. அது அவர் மேலேயே சாயும்.

கைத்தடிக்கு, வழக்கமான செருப்போடு நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பு வரை அளக்க வேண்டும். பலமில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் அந்தத் தடியை நம்ப முடியாது.

இப்போது கம்பிக்கு வருகிறேன். குறுக்களவு 32 முதல் 38 மி.மீ. இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மி.மீ. அளவில் இருக்கட்டும், அதிகமானால் கை வழுக்கும்போது முன்கை உள்ளே போய் மாட்டிக்கொண்டு எலும்பு முறியலாம். டைல்ஸோடு நிற்காமல் பின்னாலுள்ள கெட்டிச் சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். ரப்பர் கப்பால் ஒட்டிக்கொள்ளும் கம்பியும் துண்டு போடும் கம்பியும் உடல் பாரத்துக்கானவை அல்ல. எங்கே மாட்டுவது என்பதைக் கொத்தனாரோ மகனோ முடிவு செய்யக் கூடாது. தரை காய்ந்திருக்கும்போது, உடுத்திய உடையோடு அவரை உள்ளே போகவும், உட்காரவும், எழவும் சொல்லி, கை தானாக எங்கே தேடுகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிட வேண்டும். பக்கவாதம் வந்தவர் என்றால் கம்பி நல்ல கையின் பக்கம்.

குளியலில் ஆளைச் சோர்வடைய வைப்பது தண்ணீர் ஊற்றுவதைவிட, நின்றுகொண்டே துவட்டுவதும் உடுத்துவதும்தான். உட்கார்ந்தே குளித்து உட்கார்ந்தே உடுத்தலாம். சட்டை போடும்போது பலமற்ற கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

இரவில் எழும்போது விழுகிறவருக்கு விளக்கு மட்டும் போட்டால் தீராது. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்குகிறதா என்று அளந்து பார்த்து, மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுவது நல்லது.

'நீங்கள் உட்காருங்கள், நான் செய்கிறேன்' என்ற அன்பும் கெடுதல் செய்யும். ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்ததை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு வேலையில் முடியாத படியை மட்டும் பிறர் செய்து, மீதியை அவரிடமே விட வேண்டும். பித்தானைத் துளையில் நுழைத்துக் கொடுங்கள்; இழுத்துவிடுவதை அவர் செய்வார். நேரம் பிடிக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

வீட்டிலுள்ள ஆபத்துகளைக் குறைப்பது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பாய்வும் கவனிக்கத்தக்கது. விழும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் விழுவது 38% குறைந்தது. அப்படித் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் செய்தபோது பலன் தெரியவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியல் போடுவதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

சாமான் வாங்கிய இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்பதையும் கட்டுரை சொல்லவில்லை. குளியல் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தால், 'ஏன் உட்காரவில்லை' என்று அவரைக் கடிந்துகொள்ளாமல், நாற்காலியில் ஒருமுறை நாமே உட்கார்ந்து பார்க்கலாம். நாற்காலியின் கால் ஆடும், அல்லது சோப்பு எட்டாது.

இப்படிக்கு,
முதியோர் வீடுகளுக்குச் செல்லும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்