தீர்த்தக் கிணறு திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

அம்மன் கோயில் தீர்த்தக் கிணற்றுத் திருப்பணி முடிந்துவிட்டது. தூர் வாரியது, சுற்றுச்சுவர் எழுப்பியது, புது மோட்டார் வைத்தது எல்லாம் நீங்களே பார்த்தவை. வரவு செலவுக் கணக்கு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கிணற்றடியில் நிற்கும் மூன்று டிரம்கள் எதற்கு என்றுதான் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அதைப் பற்றி எழுதுகிறோம்.

தூர் வாரிய பிறகு ஊறிய தண்ணீர் இளமஞ்சளாக இருந்தது. அம்மன் மஞ்சள் குளித்த தண்ணீர் என்று சிலர் சொம்பில் பிடித்துக்கொண்டும் போனார்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததும்தான் அது ஆறிணைதிறன் குரோமியம், அதாவது தண்ணீரில் எளிதில் கரையும் நச்சு வகைக் குரோமியம் என்று தெரிந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றால் பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். மேட்டில் முன்பு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. மூடிப் பல வருடமானாலும் மண்ணில் இறங்கியது மண்ணிலேயே கிடக்கிறது.

கிணற்றை மூடிவிடலாம் என்றும் பேச்சு வந்தது. அப்போதுதான் இரும்பு வழியைக் கேள்விப்பட்டோம். இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. அவற்றை வாங்கிக்கொண்ட குரோமியம், மூன்றிணைதிறன் என்ற தீங்கு குறைந்த வடிவுக்கு இறங்கி, தண்ணீரில் கரையாமல் துருவோடு படிந்துவிடுகிறது. அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில், இதே போல ஒரு குரோம் முலாம் பட்டறையின் கசிவைத் தடுக்க 1996-ல் மண்ணுக்குள் இரும்புச் சுவரே வைத்திருக்கிறார்கள். 46 மீட்டர் நீளம், சுமார் 7 மீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் தடிமன். நிலத்தடி நீர் தானாகவே அதற்குள் புகுந்து சுத்தமாகி வெளியேறுகிறது, மோட்டார் வேண்டாம். அது மணல் பூமி. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் நாலு அடி தோண்டினால் பாறை. அதனால் நாம் தண்ணீரை மேலே ஏற்றி டிரம்மில் விட்டோம்.

முதல் டிரம்மில் சரளை. நடு டிரம்மில் வார்ப்பிரும்புச் சீவலும் மணலும் கலந்தது. தனி இரும்பாகப் போட்டால் துரு பெருத்து அடைத்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் தண்ணீரில் கரைந்த இரும்பு இருப்பதால் படிகளில் விழவைத்துக் காற்றுப் படவிடுகிறோம். செந்துரு திரண்டதும் மூன்றாவது டிரம் மணல் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஓசூர் லேத் பட்டறைக்காரர்கள் சீவலை இலவசமாகத் தந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீரும் சோப்பும் போட்டு அலசியது நம் மகளிர் குழு. ஒருவர் பளபளவென்று எவர்சில்வர் சீவல் ஒரு மூட்டை கொண்டுவந்தார். மனசு நோகாமல் திருப்பி அனுப்பினோம். துருப்பிடிக்காத இரும்பு நமக்கு உதவாது, போதாக்குறைக்கு அதிலேயே குரோமியம் இருக்கிறது!

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். திருவிழா அலைச்சலில் மோட்டாரை நிறுத்தியவர்கள், கழுவுவதாக நினைத்து நடு டிரம்மின் அடிக்குழாயையும் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்து சீவலில் காற்றுப் பட்டதால், பத்து நாளில் உள்ளே இருந்தது எல்லாம் துருவேறி ஒரே கட்டியாக இறுகிவிட்டது. கடப்பாரை போட்டுப் பெயர்த்து, புதுச் சீவல் நிரப்பினோம். தவறு குழுவுடையதுதான், யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. இப்போது அந்தக் குழாய்க்குப் பூட்டு உண்டு. சீவல் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் குரோமியம் வரம்புக்குள் வந்துவிட்டது. அதற்காக இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதை இரும்பு பிடிக்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்பில் கோளாறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதனால்தான். குடிக்க அந்தக் குழாய்த் தண்ணீர், நந்தவனத்துக்கும் கோயில் கழுவவும் கிணற்றுத் தண்ணீர். தீர்த்தம் கொடுப்பதற்கும் குழாய்த் தண்ணீரையே எடுக்கும்படி பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பெயர்த்த கட்டியைக் கேட்டுப் பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்தார். கொடுக்கவில்லை. குரோமியம் எங்கும் போய்விடவில்லை, அந்தக் கட்டியில்தான் இருக்கிறது. மூடிபோட்ட பீப்பாயில் மழை படாமல் வைத்திருக்கிறோம். கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப எழுதிக் கேட்டிருக்கிறோம்.

டிரம்களைத் தினமும் பார்க்கும் முறைப்பட்டியல் உண்டியல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு இன்னும் ஆள் இல்லை. முடிந்தவர்கள் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு