டாங்ராவின் சீனக் குடும்பங்கள் நம்மவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவுடன் எல்லையில் உரசல் வரும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சைனீஸ் ஹோட்டலுக்குப் போகாதீர்கள், சைனீஸ் சாப்பாட்டைத் தொடாதீர்கள் என்று. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தபோது, மத்திய இணையமைச்சராக இருந்த ராம்தாஸ் அத்வாலேயே சீன உணவு விற்கும் ஹோட்டல்களைத் தடை செய்ய வேண்டும் என்று பேசினார். வீரர்களை இழந்த வேதனை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் போய் விடிகிறது என்று நாம் யோசிப்பதில்லை. கொல்கத்தாவில் வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அங்குள்ள சீனர் குடியிருப்பான டாங்ராவைப் பற்றிச் சில விஷயங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீனர்கள் கொல்கத்தாவுக்கு வந்தது நேற்று இன்று அல்ல. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே டோங் அச்சியூ என்ற வணிகர் கொல்கத்தாவை அடுத்த பஜ்பஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நடத்தியிருக்கிறார். அந்த ஊருக்கு அச்சிப்பூர் என்றே பெயர். இன்றும் சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் அவருடைய சமாதியில் வணங்கிவிட்டு வருகிறார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். கான்டனிலிருந்து வந்தவர்கள் தச்சு வேலை, ஹூபேயிலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியம், தனி மொழி பேசும் ஹக்கா என்ற சீனப் பிரிவினர் தோல் பதனிடுவது. தோலைத் தொடுவதே தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்ற காலம் அது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் சதுப்பாகக் கிடந்த டாங்ராவில் ஹக்கா குடும்பங்கள் நூற்றுக்கணக்கான தோல் பட்டறைகளை நடத்தின.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றுவதால் டாங்ரா, டில்ஜலா, டோப்சியா பகுதிகளில் இருந்த பட்டறைகள் எல்லாம் நகருக்கு வெளியே உள்ள பாந்தலாவுக்கு இடம் மாற வேண்டும் என்றது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. அந்தக் கழிவுநீரின் நாற்றத்தை அனுபவித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் தலைமுறைகளாக ஒரே தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. சிலர் பாந்தலாவுக்குப் போனார்கள். பலர் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பலருக்குக் கைகொடுத்தது அடுப்படிதான். ஏற்கெனவே சில குடும்பங்கள் அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தன. அப்புறம் தோல் காய்ந்த கூடங்களில் ஒவ்வொன்றாக மேஜைகள் வந்தன. இன்று நாம் டாங்ரா என்றதும் நினைத்துக்கொள்ளும் ஹோட்டல் தெருக்கள் இப்படி உருவானவை.

அந்த ஹோட்டல்களை ஊர் எப்படித் தன்னுடையதாக்கிக் கொண்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறந்தநாளா, பரீட்சை ரிசல்ட்டா, சம்பள உயர்வா, வங்காளிக் குடும்பங்கள் டாங்ராவுக்கு வண்டியைத் திருப்பும். எங்கள் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் விருந்து அங்கேதான். துர்கா பூஜை நாட்களில் மேஜை கிடைக்க வாசலில் நிற்க வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் நிற்கும். சைவம் என்று சொன்னால் தனி வாணலியில் சமைத்துத் தந்த முதலாளியம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வங்காளியும் இந்தியும் பேசுவார், வீட்டில் ஹக்கா பேசுவார். சமையலறையில் வங்காளிகள், பீகாரிகள், நேபாளிகள் எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

டாங்ராவில் ஒரு காளி கோயில் இருக்கிறது. சீனக் காளி கோயில் என்றே பெயர். மரத்தடியில் குங்குமம் பூசி உள்ளூர் இந்துக்கள் வணங்கிவந்த கற்களைச் சீனர்களும் வணங்கத் தொடங்கினார்கள். நோயில் கிடந்த ஒரு சீனச் சிறுவன் அங்கே வேண்டிக்கொண்ட பிறகு பிழைத்தான் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பிறகு கோயில் எழுந்தது. அங்கே நூடுல்ஸும் சாப்சூயியும் அம்மனுக்குப் படைக்கப்பட்டு பிரசாதமாகக் கொடுக்கப்படுகின்றன. சீன ஊதுபத்தி வாசனையில் வங்காளி புரோகிதர் பூஜை செய்வார். இதைவிட ஒரு ஊரோடு கலந்து போவதற்கு வேறு என்ன வேண்டும்?

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங் கொல்கத்தாவில் பிறந்தவர். 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் அதைச் சமைத்தார் என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வரை நம் வழி, அதற்குப் பிறகு கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸும் சோள மாவும். அது இன்று காலிஃபிளவரில் ஏறி நம் கல்யாணப் பந்தி வரை வந்துவிட்டது. கோபி மஞ்சூரியனைப் புறக்கணித்தால் பெய்ஜிங்குக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதைவிட வேதனையான விஷயம் 1962. சீனாவுடன் போர் மூண்டதும் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரைப் பிடித்து, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பகுதிகளில் இருந்தவர்கள். குழந்தைகளும் கிழவர்களும் அதில் உண்டு. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது 1967இல். பலர் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள், அந்த நாட்டையே பார்த்திராத பிள்ளைகள் உட்பட. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. முகாமுக்குப் போகாதவர்களும் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாமல் வாழ்ந்தார்கள். இங்கேயே பிறந்த பலர் குடியுரிமைக்குப் பல வருடங்கள் காத்திருந்தார்கள். நான் பழகிய பெரியவர்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால் தேநீர் வந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

முகாமில் இருந்தவர்களில் கனடாவில் குடியேறியவர்கள் சங்கம் அமைத்து, இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். இதுவரை அது நடக்கவில்லை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கொல்கத்தாச் சீனர்கள் இன்று மிகவும் குறைந்துவிட்டார்கள். கல்வான் சம்பவத்துக்குப் பிறகு அவர்களே தெருவுக்கு வந்து, நாங்கள் இந்தியர்கள், இந்திய ராணுவத்தின் பக்கம் நிற்கிறோம் என்று பதாகை பிடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு மனசு கலங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் ஒருவரை, நான் இந்த நாட்டுக்காரன் என்று எழுதிப் பிடிக்க வைத்தோமே! நம் மக்கள் இலங்கையிலும் பர்மாவிலும் இப்படி நிற்க வேண்டியிருந்ததைத் தமிழர்களாகிய நாம் மறக்கலாமா?

சீனர்கள் தமிழ்நாட்டுக்கும் புதியவர்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயா பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரியில் நடுவட்டத்தில், மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். விடுதலையான சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எல்லையில் பதற்றம் வரும் நாட்களில், புறக்கணிப்பு அழைப்புகளைச் செய்தியாக வெளியிடும்போது, அவை பாதிக்கப்போகும் இந்தியக் குடும்பங்களின் குரலையும் பக்கத்திலேயே போடுங்கள். அடுத்தது, நீலகிரிக் குடும்பங்களின் வழித்தோன்றல்களையும், சென்னையில் பல் மருத்துவமும் ஹோட்டலும் நடத்திவந்த சீனக் குடும்பங்களையும் தேடி ஒரு நல்ல கட்டுரை வெளியிடுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் பேசிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மதுரை