சாய்தளத்துக்கு அப்பால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கைப்பேசி வாசிக்கக் கேட்டேன். மலர்க்காட்சி, படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி என ஒவ்வொன்றையும் சுவைபட விவரித்த கட்டுரையாளர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் இருப்பதை ஒரே வரியில் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டார். அந்த ஒரு வரியே என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

கண் நீர் அழுத்த நோயால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்வையை முற்றிலும் இழந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலர்க்காட்சிக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தபோது, வாசலில் நின்ற இளைஞர் ஒருவர், பரிவோடுதான், "பூவைப் பார்க்க முடியாதே ஐயா, எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே எல்லாப் பூக்களும் கயிற்றுக்கு அப்பால் இருந்தன. என் மனைவி "ஏதோ யானை மாதிரி செஞ்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு வந்ததோடு என் மலர்க்காட்சி முடிந்தது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் முதல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டால் கலை அவருக்குத் தானாகவே கிடைத்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

வியப்பு என்னவென்றால், நம் பக்கத்துக் கூத்துக்கு இந்தக் குறை இல்லை. சேலம், தருமபுரி வட்டாரத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வேடக்காரர் எடுத்த எடுப்பில் சபைக்கு வந்துவிடுவதில்லை. திரைக்குப் பின்னால் நின்றபடி, தான் யார், எப்படிப்பட்டவன், எந்தக் கோலத்தில் வருகிறான் என்பதை விருத்தமாகவும் 'தரு' என்னும் கூத்துப் பாட்டாகவும் பாடிய பிறகே திரை விலகுகிறது. துரியோதனன் வந்துவிட்டான் என்று யாரும் என் காதில் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லிவிடுகிறான். பார்வை போன பிறகும் நான் யார் தயவும் இல்லாமல் முழுதாக அனுபவிக்கும் கலை அது ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறானது ஆடித் திருவிழாவில் சேலத்தின் 'குகை' என்னும் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை. தெய்வங்களாகவும் புராணப் பாத்திரங்களாகவும் வேடமிட்டவர்கள் மின்விளக்குகள் மின்னும் வண்டிகளில் அமர்ந்து வருவது சிறுவயதில் நான் கண்கொட்டாமல் பார்த்த காட்சி. இன்று எனக்கு அது கூச்சலும் ஜெனரேட்டர் இரைச்சலும் மட்டுமே. நன்கொடையாளர் பட்டியலையும் காணாமற்போன குழந்தையின் சட்டை நிறத்தையும் அறிவிக்க ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில், "இப்போது வருவது இந்த வண்டி, அதில் இன்னின்ன வேடங்கள்" என்று வண்டிக்கு இரண்டு வரி சொல்ல ஒருவரை அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே அழைத்துச் சென்று, கல் சிங்கத்தின் வாய்க்குள் என் விரலை வைத்தார். உள்ளே இருந்த கல் உருண்டை குளிர்ச்சியாக நகர்ந்து, பல்லில் இடித்து நின்றது. உருளும், ஆனால் வெளியே வராது. கண்ணிருந்த காலத்தில் மூன்று முறை பார்த்தும் அதன் வழவழப்பை நான் அறிந்திருக்கவில்லை. இராமன் அருகே நின்றால் வாலி தெரிய, வாலி அருகே நின்றால் இராமன் தெரியாதபடி அமைந்த சிற்பங்கள் முழுக்கப் பார்வையை நம்பிய வேலைப்பாடு என்பதால், அதில் எனக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். மாணவர் என்னை இரண்டு இடத்திலும் நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பி, எது தெரிகிறது, எது மறைகிறது என்று பொறுமையாகச் சொன்னபோது சிற்பியின் குறும்பு பிடிபட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் தொட்டால் சிற்பம் தேயும் என்பது நியாயமான அச்சம்தான். அதற்காகத்தான் சிற்பங்களுக்கு நகல்கள் செய்கிறார்கள். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் தொடங்கிய 'அனுபவ்' கூடத்தில் தொட்டுணர்வதற்கென்றே 22 சிற்ப நகல்கள் பிரெயில் குறிப்புகளோடும் ஒலி விளக்கத்தோடும் வைக்கப்பட்டன. சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஐந்தாறு நகல்களோடு தொடங்கினாலும் போதும்.

இவையெல்லாம் சலுகையும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 29-ஆம் பிரிவு, கலையை எங்களுக்கு எட்டும்படி செய்வதையும், மாற்றுத்திறனாளிகளான கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவுவதையும் அரசின் கடமையாக வைக்கிறது. அணுகல்தன்மைக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

கலைஞர்கள் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நகரின் ஓர் அரங்கில், வாசலில் அருமையான சாய்தளம். மேடைக்கோ ஏழு படிகள் மட்டுமே. பாட வந்த பெண்ணை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள் என்று அருகில் இருந்தவர் சொன்னார். மாற்றுத்திறனாளி என்றால் பார்வையாளராக மட்டுமே வருவார் என்று அந்த அரங்கைக் கட்டியவர் முடிவு செய்துவிட்டார் போலும். காது கேளாதோரின் நிலை இன்னும் மோசம். நம் ஊர் விழா மேடைகளில் சைகைமொழிபெயர்ப்பாளர் இருந்ததாக நான் கேள்விப்பட்டது அரிது.

கடைசியாக, தங்களிடமே ஒரு வேண்டுகோள். அந்தக் கோடை விழாக் கட்டுரையோடு மின்னிதழில் நான்கு படங்கள் வந்திருந்தன. என் கைப்பேசி நான்கு முறையும் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. அந்த நான்கிலும் என்ன இருந்தது என்று அடுத்த இதழிலாவது எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்மாப்பேட்டை, சேலம்.